ஈட்டிமூட்டில் ஓர் ஆள் உபரி

ஈட்டிமூட்டுக்கு இனிமேல் பஸ் வராமல் போகக்கூடும் என்ற செய்தியே பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஷாஜன் என்ற அதிகாரி. குக்கிராம வழித்தட ஒத்திசைவு வாரியத்தில் உதவி ஒத்திசைவு அலுவலர். சாயங்கால பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தாம் உட்கார்ந்து வந்த சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அது அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு ஊரைப் பார்த்தார். அதையும் அதே மாதிரிதான் பார்த்தார்.

பேச்சிப்பாறை அணையைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ரோடு மூச்சு முட்டி நிற்கிற இடம் ஈட்டிமூடு. அதற்கு அப்பால் காடு. ஒரு சர்ச், ஒரு ரேஷன் கடை, ஒரு டீக்கடை, பஸ் திரும்புவதற்குக் கொஞ்சம் வட்டமான மண்தரை. காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீன், வேலை, கல்யாணம் எல்லாம் இந்த மூன்றில்தான் போயும் வந்தும் கொண்டிருந்தன.

சர்ச் முற்றத்தில் ஊர் கூடியது. ரப்பர் வெட்டுகிற ஆபேல் கையில் பால் நாற்றத்தோடு அப்படியே வந்து பின்வரிசையில் நின்றான். வார்டு மெம்பர் குமாரதாஸ் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன்மேல் புதுத் துண்டும் விரித்து வைத்திருந்தார். அதிகாரி உட்காரவில்லை.

“ஈட்டிமூட்டுப் பெருமக்களே,” என்று ஆரம்பித்தார் ஷாஜன். “வாரியத்துக்கு உங்கள்மேல் எந்த விரோதமும் கிடையாது. பிரியமும் கிடையாது. வாரியம் நடுநிலையானது. ஆள் இருக்கும் இடத்துக்குப் பஸ் போகும், ஆள் இல்லாத இடத்துக்குப் போகாது. இதுதான் கொள்கை. இருநூறு பேர் இருந்தால்தான் ஓர் இடத்தில் ஆள் இருப்பதாக வாரியம் நம்பும். உங்கள் ஊரில் இன்று இருநூற்றொரு பேர் இருக்கிறீர்கள்.”

சிலர் கைதட்டினார்கள்.

“கைதட்ட வேண்டாம். கைகளை நாங்கள் எண்ணுவதில்லை. மறு ஆய்வுக்குத் திரும்ப வருவோம். எந்த நாள் என்று சொல்ல மாட்டோம். சொல்லிவிட்டு வந்தால் அது ஆய்வு இல்லை, விருந்து. அன்றைக்கு ஒவ்வொருவரும் உயிரோடு, ஊரில், நேரில் இருக்க வேண்டும். பகலில் வெளியே போய்ப் பொழுதடையத் திரும்புகிறவர் ஆள். வெளியே இராத்தங்கினால் அவர் கழிவு. வளைகுடாவில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் வளைகுடாவின் மக்கள்தொகை. அந்நிய நாட்டின் கணக்கில் வாரியம் கை வைக்காது.”

ஆபேல் வாயை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“சாறே, முந்தி இஞ்ச அறுநூறு பேரு கெடந்தாவ. ஆறு பஸ்ஸு வந்திச்சு. பஸ்ஸ ஒண்ணொண்ணா நிறுத்தினப்பம்தான் ஆளும் ஒண்ணொண்ணா எறங்கிப் போச்சு. ஆளு கொறஞ்சதே பஸ்ஸு இல்லாமத்தானே?”

ஷாஜன் முகம் மலர்ந்தது.

“நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது காரணம். எங்கள் வாரியம் நிலவரத்தை மட்டும் பார்க்கும். காரணத்தைப் பார்க்க வேறொரு வாரியம் இருந்தது. போன வருஷம் அதைக் கலைத்துவிட்டோம். வேலை கூடிக்கொண்டே போயிற்று.” குமாரதாஸ் பக்கம் திரும்பினார். “கேள்வி கேட்கிறவருக்கு அக்கறை இருக்கிறது. இவரையே செயலாளராகப் போடுங்கள்.”

அப்படித்தான் ஈட்டிமூடு மக்கள்தொகைப் பராமரிப்புக் குழு பிறந்தது. குமாரதாஸ் தலைவர். ஆபேலின் இடது கையில் பச்சைத் துணிப் பட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே அதிகாரி மலையிறங்கிப் போனார்.

பஸ் வளைவில் மறைந்ததும் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: “இருநூறு போதும்னா, ஒரு ஆளு கூடுதல்தானே கெடக்கு?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் போகலாம், ஊருக்கு ஒன்றும் ஆகாது. அது யார் என்பதுதான் கேள்வி. பட்டணத்தில் மகன் வீட்டுக்குப் போக நினைத்திருந்தவர், கேரளாவில் வேலை பார்த்து வைத்திருந்தவர், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் என்று ஆளாளுக்கு அந்த ஒன்றின்மேல் கண் வைத்தார்கள்.

“அந்த ஒண்ணு ஊருக்குப் பொது,” என்றார் குமாரதாஸ். “யாருக்குண்ணு கமிட்டி சொல்லும்.”

தாயில்லாமல் ஆபேல் வளர்த்த ஒரே மகள் ஜினிஷாவுக்குக் கிறிஸ்மஸ் கழிந்து கல்யாணம் வைத்திருந்தார்கள். அருமனையில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் வருவாள். மாப்பிள்ளை அபினேஷுக்கு அஞ்சுகிராமத்தில் செல்போன் ரிப்பேர் கடை. கல்யாணம் கழிந்தால் அவள் அஞ்சுகிராமத்து ஆள்.

“மெம்பரே, எனக்க மோளுக்குக் கல்யாணம் இருக்கில்லா? அந்த ஒண்ணு அவளுக்கு இருக்கட்டு,” என்றான்.

“செக்ரட்டரிக்க மோளுல்லா? செரி,” என்றார் குமாரதாஸ். யாருக்கும் பிடிக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜினிஷா சோற்றை அள்ளிய கையோடு நிமிர்ந்தாள்.

“அப்பம் நான் போனா ஊரு சரியா இருநூறு. பொறவு யாரும் சாகப்பிடாதா அப்பா?”

“ஆய்வு வாறது வரைக்கும் சாகப்பிடாது மக்கா,” என்றான் ஆபேல். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

குழு சுறுசுறுப்பாக வேலை செய்தது. தென்னை ஏறக் கூடாது என்று முதல் வாரம் சொன்னார்கள். அடுத்து, இறக்கத்தில் சைக்கிள் விடக் கூடாது. ஆற்றில் குளிக்கக் கூடாது. பெண்கள் காட்டுக்கு விறகு பொறுக்கப் போக வேண்டுமானால் பாம்பு பார்க்க இரண்டு ஆண்கள் கூடப் போக வேண்டும். பொழுதடைய சர்ச் மணி அடிக்கும்போது எல்லோரும் அவரவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். ஆபேல் பச்சைப் பட்டியோடு தெருவில் நடந்து எண்ணுவான். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சிரிக்காமல் நின்றார்கள். ஒரு சாயங்காலம் யாரோ ஒரு வீட்டில் வரத் தாமதமானபோது பக்கத்து வீட்டுக்காரர்களே போய்க் கதவை இடித்தார்கள். ஆபேல் சொல்லி அல்ல, தாமாகவே போனார்கள்.

வாரியத்திலிருந்து பாராட்டு வந்தது. ஊரில் இந்த மாதம் யாரும் சாகாமல் ஒத்துழைத்ததற்கு நன்றி என்றும், தொடர்ந்து இதே உணர்வோடு இருக்குமாறும் ஷாஜன் போனில் சொன்னார்.

அந்த மாதம்தான் ததேயுஸ் படுத்தார்.

கடற்கரை ஊரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து மலையில் விற்றவர் ததேயுஸ். முழங்கால் தேய்ந்ததும் மனைவி வியாகுலம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்து ஈட்டிமூட்டிலேயே தங்கிவிட்டார். பஸ் திரும்பும் மண்தரைக்கு நேர் எதிரே அவர் வீடு. ஆபேலுக்குக் கல்யாணமான நாளில் அயிலை மீனை ஒரு கூடை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போனவர். இருமல் நெஞ்சில் கட்டி, பேச்சுக்கு நடுவில் மூச்சு தேட ஆரம்பித்தது.

“நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில கொண்டு படுக்க வைக்கணும்,” என்று வியாகுலம்மாள் குழுவின் முன்னால் வந்து நின்றாள். “பஸ்ஸு வாசல்ல நிக்கி. நாலு பேரு கைத்தாங்கலா ஏத்தி விட்டா நான் கொண்டு போவேன்.”

ஆபேல் ஷாஜனுக்குப் போன் போட்டான்.

“உள்நோயாளியாகச் சேர்ந்தால் அவர் ஆஸ்பத்திரியின் மக்கள்தொகை,” என்றார் ஷாஜன். “உங்களிடம் ஓர் ஆள் உபரி இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளலாம்.”

“கொணமாயி திரும்பி வந்தா சேத்துக்கிடுவியளா சாறே?”

“கழிவுக்கு விதி இருக்கிறது. சேர்ப்புக்கு விதி எழுதவில்லை. அவசியம் ஏற்பட்டதில்லை.”

போனை வைத்ததும் எல்லோரும் ஆபேலைப் பார்த்தார்கள். குமாரதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த ஒண்ணு ஒனக்க மோளுக்குண்ணு தீருமானிச்சாச்சு. நீ விட்டுக் குடுப்பேண்ணு சொன்னா கெழவன் போவட்டு. நீ சொல்லு.”

கல்யாண ஓலை அச்சடித்தாகிவிட்டது. அஞ்சுகிராமத்தில் பந்தலுக்குச் சொல்லிவிட்டார்கள். ஜினிஷா புடவைக்கு அருமனைக் கடையில் மாதாமாதம் பிடித்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆபேல் தரையைப் பார்த்தான். வியாகுலம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். ஆபேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததைக் குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

அதன்பிறகு ததேயுஸ் சாகாமல் பார்த்துக்கொள்வது ஊர் வேலையாயிற்று. இதுவரை அவர் வீட்டுப் படி ஏறாதவர்கள்கூடக் கஞ்சியோடு வந்தார்கள். நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள். ஆவி பிடிக்க வைத்தார்கள். ஜெபம் பண்ணினார்கள். மூச்சு கொஞ்சம் தடுமாறினால் நாலைந்து பேர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகங்களில் இரக்கம் இருந்ததா என்று ததேயுஸ் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடியே வைத்துக்கொண்டார்.

முறை வைத்து உட்கார்ந்ததில் ஒரு மத்தியானம் ஆபேலின் முறை வந்தது. ஜன்னலுக்கு வெளியே மத்தியான பஸ் வந்து, திரும்பி, முகப்பைக் கீழ்நோக்கி வைத்து நின்றது. டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போனார்கள்.

“ஏலே ஆபேலு,” என்றார் ததேயுஸ். “அது பஸ்ஸாலே?”

“ஆமா அண்ணே.”

“ஆளு ஏறியிருக்காவளா?”

“இல்ல. காலியாத்தான் கெடக்கு.”

ததேயுஸ் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். “எனக்க வீட்டு வாசல்லேருந்து பத்து எட்டு வருமா?”

“வரும்.”

“நாம இந்த பஸ்ஸு வேணும்ணு எதுக்கு மக்கா நிக்கோம்?”

ஆபேலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கினான். அவன் எழுந்தான். அவரைத் தூக்கிவிடலாம் என்றுதான் எழுந்தான், சத்தியமாக. பெரிய பாரம் ஒன்றுமில்லை, எலும்புதான். முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தபோது வெளியே கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. ஆபேல் கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றான். வளைவில் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தம் தேயும்போது தன் கைக்குள் இருந்த உடம்பு வேறு மாதிரிக் கனப்பதை உணர்ந்தான்.

அடக்கத்துக்கு ஷாஜன் மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் கடைசிப் பிடி மண் விழுந்ததும் தொண்டையைச் செருமினார்.

“குடும்பத்துக்கு ஒன்று குறைந்திருக்கிறது. வாரியத்துக்கும் ஒன்று குறைந்திருக்கிறது. ஆக, துக்கம் சமமானது. உங்கள் உபரி இத்துடன் தீர்ந்தது. இனி இருநூறு, சரியாக இருநூறு. இனிமேல் நீங்கள் ஒவ்வொருவரும் முக்கியமானவர்கள்.”

“சாறே,” என்றான் ஆபேல். “அவரு அண்ணைக்கு பஸ்ஸு ஏறிப் போயிருந்தாலும் இதே கணக்குத்தானே? ஒண்ணுதானே கொறஞ்சிருக்கும்?”

“அதே கணக்குத்தான்.”

“அப்பம் அவரு பொழச்சிருப்பாரே.”

“இருக்கலாம். ஆனால் அது எங்கள் கணக்கில் தெரியாது அல்லவா?” என்றார் ஷாஜன், மிகவும் பொறுமையாக. பிறகு, இறந்தவர் குடும்பத்துக்கு வாரியம் கருணை அடிப்படையில் ஒரு பணி தரும் என்று அறிவித்து, வியாகுலம்மாள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார். காலையில் பஸ் ஏறி மலையிறங்கிப் போகிறவர்களை எண்ண வேண்டும். சாயங்காலம் திரும்புகிறவர்களை எண்ண வேண்டும். போனவர் வரவில்லை என்றால், யாராவது மூட்டையோடு ஏறினால், விசில் ஊத வேண்டும். கூட்டம் கைதட்டியது. இந்தமுறை அதிகாரி தடுக்கவில்லை.

ஆபேல் பச்சைப் பட்டியை அவிழ்த்துக் குமாரதாஸ் கையில் கொடுத்தான்.

“செக்ரட்டரி வேல வேண்டாம்னா வேண்டாம்,” என்றார் அவர். “ஆனா கல்யாணம் நடக்காது, கேட்டியா? உபரிய கெழவன் கொண்டு போயாச்சு.”

“ஓலை அடிச்சாச்சு மெம்பரே.”

“கல்யாணம் நடத்து. யாரு வேண்டாங்குதா? பெண்ணு ஊர விட்டுப் போகப்பிடாது. மாப்பிளய இஞ்ச வந்து இருக்கச் சொல்லு. நமக்கு ஒண்ணு கூடட்டு.”

அபினேஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துப் பேச வந்தான். மத்தியான பஸ்ஸில் இறங்கியவனை இருபது முப்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஒருவர் வயதைக் கேட்டார். நோய்நொடி ஏதும் உண்டா, வீட்டில் யாருக்காவது இளம்வயதில் மரணம் உண்டா என்று குமாரதாஸ் விசாரித்தார். தங்க வீடு, வெட்ட ஐம்பது ரப்பர் மரம், எல்லாம் ஊரே தரும் என்றார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ அவனுடைய பையை எடுத்து உள்ளே கொண்டு வைத்துவிட்டார்கள்.

“மாமா, இது ஊரா, ஜெயிலா?” என்று ஆபேலிடம் காதோடு கேட்டான் அபினேஷ். ஜினிஷாவோடு தனியாக நாலு வார்த்தை பேசினான். பஸ் கிளம்பும் வேளையில் பையைக்கூட எடுக்காமல் ஓடி ஏறினான்.

அன்றைக்கு ஜினிஷா அப்பாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் போறேன். கல்யாணம் அங்க வச்சு நடக்கட்டு. நீங்க செரிண்ணு சொன்னாலும் போவேன், சொல்லாட்டாலும் போவேன். பொறவு ஒங்களத்தான் இவிய சும்மா விடமாட்டாவ. அது நெனச்சாத்தான்…”

ஆபேல் அவள் தலையில் கை வைத்தான். ஒருமுறை வாய் திறக்காமல் இருந்து பார்த்தாகிவிட்டது. “செரி மக்கா, போ,” என்றான்.

மறுநாள் காலையில் பனி ரோட்டில் இறங்கிக் கிடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மண்தரையில் நின்றார்கள். ஜினிஷா எப்போதும்போலச் சுடிதாரும் சோற்றுப் பையுமாக வந்தாள். ஆபேல் பால் வாளியோடு நாலு எட்டுப் பின்னால், மகளுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல நடந்து வந்தான். பஸ்ஸின் படியருகே ஸ்டூலில் உட்கார்ந்து வியாகுலம்மாள் எண்ணிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி குமாரதாஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஜினிஷா காலை எடுத்துப் படியில் வைத்தபோது வியாகுலம்மாள் அவள் சோற்றுப் பையைப் பிடித்தாள். தூக்கிப் பார்த்தாள். விரல்களால் அமுக்கிப் பார்த்தாள். பையின் வாய்க்குள் சந்தன நிறப் பட்டின் ஜரிகை ஒரு நூலளவு தெரிந்தது.

“கனமா இருக்கே பிள்ளே,” என்றாள்.

ஆபேல் வாளியைக் கீழே வைத்தான். வியாகுலம்மாள் மெல்லத் திரும்பி ஆபேலைப் பார்த்தாள். குழுவின் முன்னால் நின்ற அன்று பார்த்த அதே பார்வை. விசில் அவள் கையில், உதட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்தான் ஆபேல். அவள் ஊதினால் அது நியாயம் என்றும் நினைத்தான்.

“சோறு நல்லா தின்னணும் மக்கா,” என்றாள் வியாகுலம்மாள், குமாரதாஸுக்குக் கேட்கிற மாதிரி. பையை ஜரிகை தெரியாமல் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தாள். “ஏறு, ஏறு. பஸ்ஸு போவுது.”

சாயங்காலம் குமாரதாஸ் கேட்டபோது, “போனது எல்லாம் வந்தாச்சு,” என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். மணி அடிக்கும்போது, ஜினிஷாவுக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறாள் என்று ஆபேல் வாசலில் நின்று சொன்னான். கல்யாணத்தை ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறி நின்று செல்போனில் பார்த்தான். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மகளின் குனிந்த தலையை மட்டும் அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆய்வு அந்த வாரமே வந்தது. ஷாஜனும் இரண்டு உதவியாளர்களும் காலை பஸ்ஸில் இறங்கினார்கள். பஸ்ஸை யாரும் ஏறாதபடி நிறுத்திவைத்து, ஊரைச் சர்ச் முற்றத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். எண்ணப்பட்டவர் நெற்றியில் நீல மையால் ஒரு கோடு. கைக்குழந்தை நெற்றியிலும் கோடு போட்டார்கள். வரிசை முடிந்தது. ஷாஜன் இன்னொருமுறை எண்ணினார்.

“நூற்றுத் தொண்ணூற்றொன்பது.”

“எடேய் ஆபேலு!” குமாரதாஸ் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். “ஒனக்க மோளு எங்கடேய்?”

“அவள நான்தான் ஏத்தி விட்டேன்,” என்று வியாகுலம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். “அடிக்கணும்னா என்ன அடி.”

யாரோ குனிந்து கல்லை எடுத்தார்கள். யாரோ அவள் கழுத்து விசிலைப் பறித்தார்கள். அந்த அமளியில் ஷாஜன் தமது வழக்கமான குரலில் பேச ஆரம்பித்ததால், கேட்பதற்காகக் கூட்டம் தானாக அடங்கியது.

“சண்டை வேண்டாம். ஒருவர் குறைந்ததற்காக வாரியம் யாரையும் தண்டிக்காது. விதி எளிமையானது. இருநூறுக்குக் கீழே எந்த எண்ணிக்கை வந்தாலும் அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளப்படும். பின்னங்களை வைத்துக்கொண்டு நிர்வாகம் நடத்த முடியாது. எனவே ஈட்டிமூட்டின் மக்கள்தொகை இந்த நிமிஷம் முதல் பூஜ்யம். நீங்கள் இதுவரை கொடுத்த ஒத்துழைப்புக்கு நன்றி. இதுதான் நான் உங்களிடம் பேசும் கடைசிப் பேச்சு. இனிமேல் பேசினால் எனக்குப் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள்.”

“சாறே, நாங்க இஞ்ச நிக்கோமே!” என்றார் குமாரதாஸ்.

ஷாஜன் உதவியாளர்களுக்குச் சைகை காட்டினார். குமாரதாஸ் கைகூப்பி வழியில் நின்றார். ரோட்டில் நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போவதுபோல ஷாஜன் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தார்.

“ஆமாம் சார், ஈட்டிமூட்டில்தான் நிற்கிறேன். முடிந்துவிட்டது. இல்லை சார், யாருமில்லை.” கூட்டம் அவரைச் சுற்றிக் கூச்சலிட்டது. ஒரு காதைப் பொத்திக்கொண்டார். “சத்தமா? காற்று சார். மலை அல்லவா, பயங்கரக் காற்று.”

பஸ் கிளம்பியது. படியைப் பிடித்துத் தொங்கியவர்களின் விரல்களைக் கண்டக்டர் ஒவ்வொன்றாக விடுவித்தார். வருஷக்கணக்காக அவர்களுக்கு டிக்கெட் கொடுத்தவர். “கோவிக்காதீங்க,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். “மெஷின்ல இந்த ஸ்டாப்ப எடுத்தாச்சு. டிக்கெட் அடிக்காது. டிக்கெட் இல்லாம ஏத்தினா எனக்க வேல போவும்.”

அன்று சாயங்கால பஸ் வரவில்லை. மறுநாள் ரேஷன் கடை திறக்கவில்லை. அதற்கும் மறுநாள் கரண்ட் போயிற்று. ஆளில்லாத இடத்துக்கு எதற்கு என்று கீழே சொன்னார்களாம். நெற்றிக் கோடு எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. ஆபேலை அடிக்க வேண்டும் என்று முதல் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் நாள் அவன் வீட்டிலேயே வந்து உட்கார்ந்து, இனி என்ன செய்வது என்று கேட்டார்கள். குமாரதாஸும் வந்திருந்தார். நடந்தே பேச்சிப்பாறைக்கு இறங்கிப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். மனுவை வாங்கியவர், மனு எழுதியவர் யாருமில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

“என்னைய பாத்துக்கிட்டே எழுதினான்டேய்,” என்றார்.

ஜினிஷா போன் செய்து, கிளம்பி வாருங்கள் அப்பா என்று அழுதாள். வருகிறேன் என்றான். வியாகுலம்மாளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். “அவரு இஞ்ச கெடக்காரு,” என்று அவள் கல்லறைப் பக்கம் கை காட்டியதில் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

அந்த இரண்டாம் நாள் விடிந்ததும் கீழே ரோட்டில் பெரிய வண்டிச் சத்தம் கேட்டது. பஸ் வந்துவிட்டது என்று கூவிக்கொண்டு எல்லோரும் மண்தரைக்கு ஓடினார்கள்.

வளைவைத் திரும்பி வந்தது மஞ்சள் நிற ஜேசிபி. அதன் பின்னால் ஒரு லாரி. லாரியிலிருந்து நாலு பேர் குதித்து, மண்தரையில் ஒரு பெரிய பலகையை நட்டார்கள். ஆபேல் எழுத்துக்கூட்டிப் படித்தான். மலைப்பகுதி மக்களின் போக்குவரத்து வசதிக்காக, நூறு பஸ்கள் நிற்கக்கூடிய மாபெரும் பேருந்து நிலையம் இங்கே அமையவிருந்தது. இவ்வளவு பெரிய இடம் ஆளே இல்லாமல் வேறெங்கும் கிடைக்கவில்லை என்று கீழே சிறிய எழுத்தில் பெருமையோடு சொல்லியிருந்தது.

ஜேசிபி கையைத் தூக்கிக்கொண்டு முன்னேறியது. ததேயுஸின் வீட்டுக்கு முன்னால் வந்ததும், கூட்டத்தைப் பார்த்து டிரைவர் திடுக்கிட்டு வண்டியை நிறுத்தினார். கண்ணைக் கசக்கினார். செல்போனை எடுத்தார்.

“சார், இங்க ஆளுக நிக்கிறாங்க சார். நெறைய பேரு. பிள்ளைங்களும் இருக்கு.”

போனிலிருந்து வந்த குரல் வெளியே நின்றவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது. “இருக்க முடியாது. சான்றிதழ் என் கையில் இருக்கிறது. வேலையைத் தொடங்கு.”

டிரைவர் போனைப் பைக்குள் போட்டார். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. ஆபேல் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, ஜேசிபியின் இரும்புப் பல்லுக்கு நேரே நின்றான்.

“எனக்க பேரு ஆபேல்,” என்றான் சத்தமாக. “இது வியாகுலம்மாள் மைனி. இவியளுக்க வீட்டுக்காரரு ததேயுஸ், அன்னா அந்த மேட்டுல கெடக்காரு. இவரு குமாரதாஸ், மெம்பரு. இந்தப் பிள்ளைக்கி இன்னும் ஞானஸ்நானம் குடுக்கல…”

ஒவ்வொருவராகக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டே போனான். அவன் சொல்லச் சொல்ல, பெயர் சொல்லப்பட்டவர் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார். டிரைவர் நல்ல மனுஷர்தான். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். கடைசிப் பெயரும் முடிந்த பிறகு, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரிண்ணே,” என்றார் தயவாக. “எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

எங்கே தள்ளி நிற்பது என்று ஆபேல் திரும்பிப் பார்த்தான். பின்னால் வீடுகள்தான் இருந்தன.